ஆறு வோல்ட்டில் என் குரல்

எனக்கு வாய்த்தது கீச்சுக் குரல். கம்பெனி ஃபோனை எடுத்து "ஹலோ" என்றால், மறுமுனையில் இருப்பவர் பணிவாக, "அம்மா, ஸ்டோர் கீப்பர் இருக்காருங்களா?" என்று கேட்பார். நானும் ஒரு நொடி பொறுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஸ்டோர் கீப்பராக மறுபடி பேசுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நட்டு போல்ட்டு கம்பெனியில் இப்படியே காலம் தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு, ஒரே ஒரு மாதம் கம்பீரமான குரல் கிடைத்தது. அது கடவுள் கொடுத்ததல்ல. உள்ளங்கை அளவு டிரான்ஸ்பார்மர் ஒன்று கொடுத்தது.

எண்பதுகளின் கடைசி அது. எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் மேனாம்பேட்டில், ஹவுஸ் ஓனர் அம்மா முன்பக்கமும் நாங்கள் இருவரும் பின்பக்கமுமாகக் குடியிருந்தோம். என் மனைவி எஸ்டேட்டிலேயே வேறொரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அங்கே ஸ்டெனோ வேலை காலியாகப் போகிறது, ஷார்ட்ஹேண்டில் நிமிஷத்துக்கு நூறு வார்த்தை எழுதும் பரீட்சையைப் பாஸ் செய்துவிட்டால் அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். முந்தின தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் விட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள். வருகிறவளுக்கும் சேர்த்து இவள் டைப் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பழகுவதற்கு யாராவது நூறு வார்த்தை வேகத்தில் வாசிக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒரே யாராவது நான். என் வாசிப்பு பூந்தமல்லி பஸ் மாதிரி. சில நேரம் பறக்கும், சில நேரம் ஸ்டாப்பே இல்லாத இடத்தில் நிற்கும். "டியர் சார்" என்று தொடங்கிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.  அவள் பென்சிலைக் கீழே வைப்பாள். அந்தச் சத்தம் போதும்.

அதனால் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் வாங்கினோம். புது பேட்டரி நாலு போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, வாட்சைப் பார்த்துப் பார்த்து, நிமிஷத்துக்குச் சரியாக நூறு வார்த்தையாக வாசித்து ஒரு கேசட்டை நிரப்பினேன். ஒவ்வொரு பகுதியும் மூன்று நிமிஷம். நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். நான்கே நாளில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

எலிமினேட்டர் வாங்கிவிடலாம் என்றாள் அவள். வீட்டுக் கரண்ட்டைக் குறைத்து, பேட்டரிக்குப் பதிலாகக் கொடுக்கும் டப்பாவுக்கு அதுதான் பெயர். உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர், நாலு டயோடு, ஒரு கண்டென்சர். நான் ஸ்டோர் கீப்பர். எல்லாப் பொருளுக்கும் பெயர் தெரிந்தவன். பெயர் தெரிந்தால் வேலையும் தெரியும் என்று நினைத்துக்கொள்வது எங்கள் ஸ்டோர் கீப்பர் ஜாதிக் கோளாறு. நானே செய்கிறேன் என்றேன்.

கம்பெனியில் கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து ஒரு டிரான்ஸ்பார்மரைக் கேட்டு வாங்கி வந்தேன். அதில் எழுத்து எதுவும் இல்லை. ஒரு பக்கம் இரண்டு ஒல்லி ஒயர், மறுபக்கம் இரண்டு தடி ஒயர். யோசித்தேன். வீட்டு ஒயரெல்லாம் தடியாகத்தான் இருக்கிறது, ஆகவே தடி ஒயர்தான் பிளக்குக்கு. இவ்வளவு தெளிவாக வாழ்க்கையில் வேறெதையும் நான் யோசித்ததில்லை. சுவிட்சைப் போட்டதும் "டப்" என்றது. முன்பக்கம் ஹவுஸ் ஓனர் அம்மாவின் ஃபேன் மெல்ல மெல்ல நின்றது.

"இன்னாப்பா, ஊட்டுக்கே பீஸைப் புடுங்கிட்டியா?" என்று அங்கிருந்து குரல் வந்தது. மெயின் போர்டில் பீஸ் கட்டை கருகிப்போய் இருந்தது. நான் புது பீஸ் கம்பி கட்டும்வரை அந்த அம்மா பக்கத்திலேயே நின்று முந்தானையால் விசிறிக்கொண்டார்.

மறுநாள் பூந்தமல்லியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். லோ வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்றதும், வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறேனா என்று கேட்டார். எங்கள் பக்கம் லோ வோல்டேஜ் என்றால், சாயந்தரம் டியூப்லைட் எரியாமல் கண் சிமிட்டுமே, அதுதான். அதற்கு ஸ்டெபிலைசர் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொல்லி, கருகின டிரான்ஸ்பார்மரையும் காட்டினேன். மோந்து பார்த்தார்.

"தடி ஒயரை பிளக்குல சொருவினியா அண்ணாத்தே? வோல்ட்டு கம்மி, கரண்ட்டு ஜாஸ்தி போற பக்கம் அது. அதான் தடியா கீது. சரி, எத்தினி வோல்ட்டு, எத்தினி ஆம்ஸு?"

"வோல்ட்டு ஆறு. ஆம்ஸ் உங்க இஷ்டம் பாய்."

"என் இஷ்டம் இல்ல, டேப்போட இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, டேப் இழுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே டிரான்ஸ்பார்மர் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் சூடாகி முனகும் என்றார். இந்த டேப்புக்கு அரை ஆம்ஸ் போதுமாம். பிறகு, எடுத்துக் கொடுக்கும்போது, சாயந்தரம் எங்கள் பக்கம் கரண்ட் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. பூந்தமல்லிக்காரர் கேட்கிறார், மேனாம்பேட்டை விட்டுக்கொடுக்க முடியுமா? "எங்க ஏரியாவா? ராஜா மாதிரி வரும்" என்றேன். ஆறு வோல்ட், அரை ஆம்ஸ் டிரான்ஸ்பார்மரைக் கொடுத்தார்.

இந்தத் தடவை ஒல்லி ஒயரை பிளக்கில் கொடுத்தேன். வெடிக்கவில்லை. சாயந்தரம் ஏழு மணிக்கு, வேலை முடிந்து வந்து, இருவரும் டேப்பின் முன்னால் உட்கார்ந்தோம். பட்டனை அழுத்தினேன். "டி...யர் சா...ர்" என்று ஒரு குரல் எழுந்தது. ஆழமான குரல். நிதானமான குரல். மந்திரி திறப்பு விழாவில் பேசுவது போன்ற குரல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் குரல் வெளியில் இப்படித்தான் கேட்கிறதா? இத்தனை வருஷம் ஃபோனில் "அம்மா" என்றவர்கள் எல்லாம் செவிடர்களா?

அவள்கூடக் கொஞ்சம் அசந்துவிட்டாள். "கேசட்டுல உங்களுக்கு நல்லா பொறுமை வந்துகீதுங்க" என்றாள். பென்சில் தடங்கலில்லாமல் ஓடியது. ஒரு வாரத்தில் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். இரண்டாவது வாரம், எழுதி முடித்துவிட்டு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். நூறு வார்த்தையெல்லாம் ஒரு வேலையா என்றாள். நான் சாப்பிடும்போதெல்லாம் டேப்பைப் போடச் சொல்லிக் கேட்டேன். எங்கள் தலைக்கு மேலே குண்டு பல்பு ஆரஞ்சுப் பழம் மாதிரி மங்கி எரிந்துகொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கத்தான் நேரம் சரியாக இருந்தது. அன்று காலை பத்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டனை அழுத்தியதும் கீச்சென்று ஒரு குரல் விறுவிறுவென்று ஓடியது. நாலு வரி எழுதினாள், அப்புறம் நின்றுவிட்டாள்.

"இது யாரு?"

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அவள் என் வாட்சைக் கேட்டு வாங்கி, முதல் பகுதி எத்தனை நேரம் ஓடுகிறது என்று பார்த்தாள். மூன்று நிமிஷம். சாயந்தரம் ஏழு மணிக்கு மறுபடி பார்த்தாள். நாலு நிமிஷம். அதே பகுதி. நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். இத்தனை நாளும் எழுதியது நிமிஷத்துக்கு எழுபத்தைந்து வார்த்தை. பென்சிலைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். "மூணு வாரந்தான் கீது" என்று மட்டும் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. என் கம்பீரம் முழுக்க அங்கேயே இறங்கிவிட்டது.

மறுநாள் ஷிஃப்ட் முடியும் முன்பே பர்மிஷன் போட்டுவிட்டு பாய் கடைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ரொம்ப மரியாதையாக விசாரித்தார்.

"ராஜா மாதிரி வரும்னியே அண்ணாத்தே?"

"வரும் பாய். சாயந்தரம் மட்டும் மாறுவேஷத்துல வரும்."

அவர் சிரித்துவிட்டு வோல்ட் அளக்கும் மீட்டரைக் கொடுத்தனுப்பினார். ஏழு மணிக்கு வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று அறுபத்தைந்து. உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் அதே கணக்கில் குறையும். ஆறு கொடுக்க வேண்டியது நாலு சொச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. பாவம், டேப்பின் மோட்டார் பசியோடு சுற்றியிருக்கிறது. அதை நான் கம்பீரம் என்று நினைத்திருக்கிறேன்.

பாய் சொன்ன வைத்தியம் இது: பன்னிரண்டு வோல்ட், ஒரு ஆம்ஸ் டிரான்ஸ்பார்மர். மாறுவேஷத்தில் வந்தாலும் ஆறுக்கு மேலேயே மிச்சம் இருக்கும். அதன் பின்னால் மூன்று கால் உள்ள ஒரு ரெகுலேட்டர். உள்ளே எவ்வளவு வந்தாலும் ஆறை மட்டும் வெளியே விடும், மீதியைச் சூடாக்கித் தின்றுவிடும். சூடு இறங்க அதன் முதுகில் ஒரு அலுமினியத் தகடு. அவரே பற்றவைத்துக் கொடுத்தார். முறுக்கச் சொல்லி என்னிடம் விட்டது ஒரே ஒரு ஸ்குரூவை மட்டும். வீட்டில் போட்டால் பேச்சுக்குப் பின்னால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். மறுநாள் பெரிய கண்டென்சர் ஒன்றை மாற்றித் தந்ததும் அதுவும் அடங்கியது.

அன்று சாயந்தரம் ஏழு மணிக்கு, ஆரஞ்சுப் பழ பல்புக்குக் கீழே, என் கீச்சுக் குரல் முழு வேகத்தில் திரும்பி வந்தது. அவள் துரத்தினாள். முதல் வாரம் பாதியைத் தவறவிட்டாள். நான் பாத்திரம் கழுவினேன், சமைத்தேன். என் சமையலால் அவள் வேகம் கூடியது, சீக்கிரம் முடித்துவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்ப வேண்டுமென்ற வெறி. மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு பகுதியை இரண்டே தப்போடு முடித்து, நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

பரீட்சை ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசித்தவர் எப்படி வாசித்தார் என்று கேட்டேன்.

"உங்க குரலேதாங்க. அப்படியே கீச்சு கீச்சுன்னு. பக்கத்துல இருந்த பொண்ணு சிரிச்சிட்டு நாலு வார்த்தைய விட்டுட்டா. எனக்கு பழகிப்போச்சு, நான் பாட்டுக்கு எழுதிகினே இருந்தேன்."

பாஸ் செய்தாள். நாற்காலியும் கிடைத்தது.

அந்த ஆறு வோல்ட் டிரான்ஸ்பார்மரை பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தேன். கொடுக்கவில்லை. ஸ்டெனோ வேலையில் அவள் வீடு திரும்ப நேரமாகும் சாயந்தரங்களில், பரணிலிருந்து அதை எடுத்து டேப்பில் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். ஒருநாள் சாத்த மறந்துவிட்டேன். "டி...யர் சா...ர்" என்று மந்திரி மாதிரி முழங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம்.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"நிறுத்தாதீங்க" என்றாள். "காபி போட்டுகினு வரேன். அதுவரைக்கும் அவரு பேசிகினு இருக்கட்டும்."