அஞ்சடியில் வரவேற்பு

பினாங்கில் வீட்டு வாசல் வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. மாடி முன்னால் நீண்டு கூரையாக நிற்க, தூண்களுக்கு உட்புறம் ஊரே நடந்து போகும். இங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்பார்கள். எண்பதுகளில் வந்து இறங்கிய நான், அடுத்தவர் வாசலில் செருப்போடு ஏறுவதா என்று கூசி, கழற்றிக் கையில் பிடித்தபடி தெருக்கோடிவரை நடந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுத் தூண்களைத் தாண்டி யாரும் செருப்போடு வந்ததில்லை. இங்கே ஒரு சீன மளிகைக்காரர், எவனோ செருப்பைத் திருடிக்கொண்டு போகிறான் என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

பிறகு அவர் கடையிலேயே வேலை கிடைத்தது. மனைவியும் நானும் அதன் மாடியறையில் வாடகைக்குக் குடியிருந்தோம். மழை பெய்தால் ஒழுகும். தொண்ணூறுகளில் ஒருநாள் கேமராவோடு ஒருவர் வந்து, ஆகா, பாரம்பரியம் என்று ஆங்கிலத்தில் உருகினார். ராஜபாளையத்துக்காரியான என் மனைவி சரசு, கூரையைச் சரிசெய்ய வந்தவர் என்று நினைத்து டீ கொடுத்து ஒழுகும் இடத்தைக் காட்டினாள். அவர் உத்தரத்தைப் படம் பிடித்துக்கொண்டார். கொடியில் கிடந்த சேலைகள் படத்தைக் கெடுக்கின்றனவாம், எடுக்கச் சொன்னார்.

"மனுசங்க இருக்கிற வீட்டுல சேலை காயாம, பொறவு என்ன காயும்?" என்றாள் சரசு. அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சில மாதங்களில் கட்டடம் கைமாறியது. பழமை கெடாமல் புதுப்பித்து ஓட்டல் ஆக்கப்போகிறார்களாம். மளிகைக்காரரையும் எங்களையும் காலிசெய்யச் சொன்னார்கள். தூணுக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசி எங்களுக்கு இல்லை. ஊருக்கே வந்துவிடுகிறோம், முன்னறையை ஒழித்து வை என்று தம்பிக்குப் போன் செய்தேன்.

"முன்பக்கத்த இடிச்சாச்சுண்ணே. தூணு எம்புட்டு எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இப்ப மூணு கடை கட்டி விட்டிருக்கேன். நீங்க வந்தா பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜ் இருக்கு. செத்த நடந்தாப் போதும்" என்றான்.

போனை வைத்தேன். கூடப்பிறந்தவன் மீதே அருவருப்பு வந்தது.

போக்கிடம் இல்லாமல் அந்த ஓட்டலிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். சரசுவும் நானும் இப்போது ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். வேட்டி கட்டி, சந்தனம் வைத்து, அஞ்சடியில் நின்று வருகிறவர்களைக் கும்பிடுவதுதான் என் உத்தியோகம். தினமும் சீ என்றிருக்கிறது. நேற்று ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு எங்கள் பழைய அறையைக் கொடுத்தார்கள். பெட்டிகளைத் தூக்கிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

"உள்ளே வாருங்களேன், இந்த அறையைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மாள்.

வேலையாட்கள் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன்.