கூரைத்துணி இறங்கிய கார்

பிம்ப்ரியில் கார் உள்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. டாஷ்போர்டு, சீட்டுத் துணி எல்லாவற்றையும் பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றுவோம். பிறகு ஈரக்காற்றில் வைப்போம். வெடித்ததா, வெளுத்ததா, பசை விட்டதா என்று பார்ப்போம். வருடக்கணக்காக இதே வேலை. வீட்டுக்கு வந்தால் என் காரிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது.

சாங்வியில் எங்கள் கட்டடத்தில் நிழல் பார்க்கிங் இல்லை. அந்தக் கோடையில் டாஷ்போர்டு வெடித்தது. கூரையின் உள்துணிக்குப் பின்னாலிருந்த ஸ்பாஞ்ச் பொடிந்து, மஞ்சள் தூளாகத் தோளில் கொட்டியது. துணி தொங்க ஆரம்பித்தது. ஒட்ட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். வேலை முடிந்து வந்த பிறகு உடம்பு ஒத்துழைக்காது.

மழை பிடித்ததும் சீட்டெல்லாம் பூஞ்சை. என் மனைவிக்கு ஆஸ்துமா. "இந்த வண்டில இனிமே நான் ஏற மாட்டேங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போய்வந்தாள்.

தில்லியில் வேலை பார்க்கும் மகள் ஊருக்கு வந்த அன்று அடைமழை. ஆட்டோ கிடைக்கவில்லை. மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு மனைவி காரில் ஏறினாள். லோஹேகாவ் விமான நிலையத்தில் மகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, துணி மொத்தமாக இறங்கி எங்கள் தலைமேல் விழுந்தது. சாலை தெரியவில்லை. மனைவி சட்டென்று கையை உயர்த்தி அதைத் தாங்கிக்கொண்டாள்.

"ஓரமா நிறுத்தறேன்."

"வேணாம். பின்னாடி பஸ் ஒட்டிக்கிட்டு வருது. நீங்க ஓட்டுங்க."

பின்சீட்டிலிருந்து மகள், "மம்மி, ஹாத் நீச்சே கரோ. கையை இறக்கு, நான் பிடிக்கிறேன்," என்றாள். மனைவி கையை எடுக்கவில்லை. இருமிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் மகள் அவளுக்கு நெபுலைசரில் மருந்து வைத்துவிட்டாள். நான் கீழே போய் அந்தத் துணியை முழுவதும் கிழித்தெடுத்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் லீவு. மகளும் நானும் சீட்டுகளை வினிகர் தண்ணீரால் துடைத்தோம். கறை முழுக்கப் போகவில்லை.

சாயங்காலம் மனைவி இறங்கி வந்து, முன்சீட்டில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"பரவால்ல. டாக்டர்கிட்ட இதுலயே போயிடலாம்."

கிளம்பினோம். வெறும் தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் யாரும் பேச முடியவில்லை. அவள் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிவைத்திருந்தோம்.