முறை வைத்துக் கூப்பிட்டவர்

பொம்மையன் என்ற பேரை ஒச்சாயி முதன்முதலாகக் கேட்டது கடலைக் காட்டில். சாணார்பட்டிக்குக் கிழக்கே, வண்டிப்பாதை ஓரமாகக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். மாட்டு வண்டியில் ஒருத்தன் தகரக் குழாயை வாயில் வைத்து, "பொம்மையன் வாராரு, பொம்மையன் வாராரு" என்று கத்திக்கொண்டு போனான். பொம்மலாட்டக்காரர்கள்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். களைக்கொத்தைப் போட்டுவிட்டு, மகன் சன்னாசியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஊர் மந்தைக்கு ஓடினாள். அங்கே பொம்மையும் இல்லை, திரையும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, ஆட்டம் பாக்க வந்தியா?" என்றார்.

"ஆட்டம் இல்லியா?"

"இப்ப இல்லக்கா. செயிச்சதுக்கு அப்பறம்."

அது ஐம்பத்திரண்டாம் வருஷத் தேர்தல். ஒச்சாயி ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள். அதுவரை அவளை அக்கா என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது. தாய்மாமன் மடி இல்லாததால் சன்னாசிக்கு ஐந்து வயதாகியும் காது குத்தாமல் கிடந்தது. பக்கத்தில் நின்றவர்கள் இதைச் சொன்னதும், "இதெல்லாம் ஒரு கொறையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் பொம்மையன்.

ஓட்டுக் கேட்கிறவர்கள் சொல்வதுதானே என்று ஒச்சாயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மனிதர் வந்துவிட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, பையனைத் தூக்கி வைத்துக்கொண்டார். பத்தர் ஊசியை இறக்கினார். பையன் வீறிட்டதோடு நிற்காமல் மடியையும் நனைத்துவிட்டான். பொம்மையன் அசையவில்லை.

"சரிடா மாப்ள. மாமனுக்கு மொத சீரு நீ செஞ்சிட்ட. அந்தக் காதையும் காட்டு."

அந்த ஊர் ஓட்டு ஒன்று விடாமல் அவருக்கு விழுந்தது.

திண்டுக்கல்லில் அவருடைய அண்ணனுக்கு வாழைக்காய் மண்டி. சிறுமலைத் தார்கள் வந்து இறங்குகிற இடம். அங்கே தார் எண்ணிக்கொண்டிருந்த பொம்மையன் எதற்காகத் தேர்தலில் நின்றார் என்று அண்ணனுக்கே தெரியாது. நின்றார், ஜெயித்தார். அடுத்த இரண்டு தேர்தலிலும் ஜெயித்தார். எந்த மேடையிலும் அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. வீடு வீடாகப் போவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். "இன்னைக்கு என்னக்கா வெஞ்சனம்?" என்பார். கத்தரிக்காய் என்றால், "மச்சானுக்குக் கத்தரிக்கா ஆகாதே, கை அரிக்குமே" என்பார். எந்த மச்சானுக்கு எது ஆகாது என்பது அவருக்கு மனப்பாடம். ஓட்டு என்ற சொல்லை வாயிலேயே எடுக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

பெண்கள் எல்லாரும் அக்கா. அவர்களுடைய வீட்டுக்காரர்கள் மச்சான். பிள்ளைகள் மாப்பிள்ளை. பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருந்த காதர் பீவியும் அக்காதான். சாதி, மதம், கட்சி எதையும் பார்க்காமல் தொகுதி முழுக்க இந்த ஒரே முறைதான். காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் தோளில் துண்டோடு கிளம்பிவிடுவார். அகலமான மடி. பிள்ளைகள் அதில் நன்றாக உட்காரும்.

சென்னையில், சட்டசபையில், அவர் எழுந்தது ஒரே ஒரு தடவை. சிறுமலைக்குப் பஸ் கேட்பதற்காக. எழுந்தவர் செத்த நேரம் நின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஒச்சாயி ஒருமுறை அதைக் கேட்டாள்.

"அங்க மந்திரியக் கனம்னு கூப்பிடணுமாம்க்கா. கனம்னா என்ன மொறை? மாமனா, மச்சானா? ஒண்ணும் புரியல. ஒக்காந்துட்டேன்."

பஸ் என்னவோ வந்தது. பஸ் ஆபீசில் இருந்த குமாஸ்தாவை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு வாங்கி வந்தார்.

ஒரு பொங்கலுக்கு மண்டி லாரியில் ஒச்சாயிக்கு ஒரு கட்டுக் கரும்பு வந்தது. பிறந்த வீட்டுச் சீர். அவள் அதில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி வாசலில் சாத்தி வைத்தாள். தோகை காய்ந்து, கரும்பு சுருங்கி, எறும்பும் விட்டுப் போன பிறகுதான் எடுத்தாள். ஒவ்வொரு வெள்ளாமையிலும் முதல் மரக்கால் கடலை தம்பி வீட்டுக்கு என்று அவளே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

சன்னாசி வளர்ந்து திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிற வேலையில் சேர்ந்தான். அறுபத்தாறு ஐப்பசியில் ஒச்சாயி ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்துக்கொண்டு புருஷன் ஆண்டிச்சாமியோடு பொம்மையன் வீட்டுக்குப் போனாள். இரண்டு வீடும் ஒரே சாதிதான், பொம்மையனுக்குக் கௌசல்யா என்று மகள் இருந்தாள். தாய்மாமன் வீட்டில் பெண் இருக்கும்போது அங்கே கேட்காமல் வெளியே பெண் பார்ப்பது தாய்மாமனை அவமதிப்பது. அந்த அவமரியாதையைத் தம்பிக்குச் செய்யக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம்.

முன்னறையில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேர்தலுக்கு நான்கு மாதம் இருந்தது.

"தம்பி, கௌசல்யாவச் சன்னாசிக்குக் கேட்டு வந்திருக்கேன்" என்றாள் ஒச்சாயி.

ஒரு கட்சிக்காரர், "மொறதானே. அக்கா மகன்தானே" என்றார்.

"படிக்குதுக்கா" என்றார் பொம்மையன்.

"படிக்கட்டும். நாளைக்கேவா கேட்டேன்?"

அவர் தட்டை வாங்கக் கை நீட்டின மாதிரிதான் இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சிவனம்மாள், "ஏங்க, செத்த இங்க வாங்க" என்றாள். அவர் எழுந்து போனார். கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு முன்னறைக்குத் தெளிவாகவே கேட்டது.

"ஊர்ல உள்ளவள எல்லாம் அக்காங்கிறீக. ஒவ்வொருத்தியும் தட்டத் தூக்கிட்டு வந்தா நான் எம்புட்டுப் பொண்ணு பெத்துப் போடுறது?"

கட்சிக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். பொம்மையன் திரும்பி வரவில்லை. கொல்லைப்புறமாக மண்டிக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. ஒச்சாயி தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "எலக்சன் வேல தலைக்கு மேல கெடக்கு அவுகளுக்கு" என்று வழியெல்லாம் ஆண்டிச்சாமியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தை மாதம் ஜீப்பு வந்தது. ஒச்சாயி உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். பொம்மையன் வாசலில் நின்று, எப்போதும்போலச் சிரித்த முகத்தோடு கேட்டார்:

"மதினி, அண்ணே இருக்காகளா?"

உலக்கை மேலே போனது மேலேயே நின்றது.

அக்கா புருஷன் மச்சான். மதினி புருஷன் அண்ணன். அண்ணன் மகனும் தம்பி மகளும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. கல்யாணம் என்று வாயெடுக்கவே முடியாது. ஒரு சொல்லில் பொம்மையன் விஷயத்தை முடித்துவிட்டார். முடியாது என்று சொல்லவில்லை, கோபப்படவில்லை, யார் மனசும் நோகப் பேசவில்லை.

ஒச்சாயி உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"ஒங்கண்ணே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காக" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் விஷயம் ஒரு வீட்டோடு போயிருக்கும். ஒரு வீட்டில் மட்டும் மாற்றினால் வெளியே தெரிந்துவிடும் என்று பொம்மையன் தொகுதி முழுக்க மாற்றிவிட்டார். பதினைந்து வருஷமாக அக்காவாக இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் மதினி ஆனார்கள். கிணற்றடியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். "ஒன்னையும் மதினின்னாரா?" "என்னையும்தான்." இவர் எதற்கு இப்படித் தாவுகிறார் என்று விசாரித்தபோது ஒச்சாயி கொண்டுபோன தட்டு வரைக்கும் வெளியே வந்துவிட்டது.

பேகம்பூரில் காதர் பீவி கடைக்கு வெளியே வந்து நடுத்தெருவில் நின்று கேட்டாள்.

"ஏன்டா பொம்மையா, நேத்து வரைக்கும் அக்கா, இன்னைக்கு மதினியா? எம் புருசன் மவுத்தாயி எம்புட்டுக் காலமாச்சு, அவருக்கு இப்பத்தான் நீ தம்பியாப் பொறந்தியா? எம் பிள்ளைக ஒம் பொண்ணக் கேட்டா வந்தானுக?"

பொம்மையன் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தேர்தலில் தோற்றார். காரணம் அரிசிப் பஞ்சம் என்று பேப்பரில் எழுதினார்கள், மொழிப் போராட்டம் என்று எழுதினார்கள். சாணார்பட்டிப் பக்கத்துப் பெண்களுக்குப் பேப்பர் படிக்கத் தெரியாது.

ஒச்சாயி மகனுக்கு நத்தம் பக்கம் பெண் பார்த்தாள். மறு வருஷம் ஆவணியில் கல்யாணம். பொம்மையனுக்கும் பாக்கு வைத்து அழைத்தாள். அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் சீர்த்தட்டு, அதில் பட்டு வேட்டி, மேலே ரோஜா மாலை. தாய்மாமன் போடுகிற மாலை. பந்தலுக்குள் நுழைந்ததும், "அக்கா" என்று கூப்பிட்டார். வெகுநாளைக்கு அப்புறம்.

ஒச்சாயி தட்டைப் பார்த்தாள்.

மணவறையிலிருந்து பூசாரி, "தாய்மாமன் யாருப்பா? மாலையப் போடச் சொல்லுங்க" என்றார். பந்தலில் எல்லாரும் பொம்மையனைப் பார்த்தார்கள். பொம்மையன் ஒச்சாயியைப் பார்த்தார்.

"தாய்மாமன் இல்ல சாமி. இல்லாத வீடுன்னு வச்சு மேக்கொண்டு நடத்துங்க" என்றாள் ஒச்சாயி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"வாங்க கொழுந்தனாரே. பந்திக்கு ஆள் பத்தல. பங்காளிக நீங்கதானே பாக்கணும்."

சாம்பார் வாளியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

பொம்மையன் சீர்த்தட்டைப் பந்தல்காலோரம் இறக்கி வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் இலையிலிருந்து ஆரம்பித்தார். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். பேர் தெரியும், வீடு தெரியும், எது ஆகும் எது ஆகாது என்று தெரியும். அவர் ஒருத்தரையும் முறை வைத்துக் கூப்பிடவில்லை. குனிந்த தலை நிமிராமல், "சாம்பாரு, சாம்பாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு கடைசி இலை வரைக்கும் போனார்.

கௌசல்யாவைக் கோயம்புத்தூரில் ஒரு மில் சூப்பர்வைசருக்குக் கொடுத்தார்கள். பொம்மையனும் சிவனம்மாளும் இப்போது மகள் வீட்டோடு அங்கேதான் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் எல்லாரும் அவரை "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.