‘கண்டிப்பாக’ என்று எழுதாத ரோஸ்லின்

பெங்களூரு எல்லையில், அத்திபெலே நெரிசலில் ஆபீஸ் பஸ் நின்றுகொண்டிருந்தபோது என்னோடு வேலை பார்க்கும் ரோஸ்லினின் தம்பி போனில் அழைத்தார். "அண்ணா, அக்கா காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." முதலீட்டாளர்களுக்கான மாத அறிக்கையை அன்று நானும் ரோஸ்லினும் சேர்ந்து முடிப்பதாக இருந்தோம்.

எங்கள் ஆலோசனை நிறுவனத்தில் ஆபத்தைக் கணிப்பது அவர் வேலை. கச்சா எண்ணெய் விலை, அமெரிக்க வட்டி, எங்கோ நடக்கும் போர் எல்லாவற்றையும் பார்த்து, இங்கே பணம் போட்டவருக்கு என்ன ஆகலாம் என்று எழுதுவார். ஒருமுறை, ‘இந்த ஆண்டு சந்தை கண்டிப்பாக உயரும்’ என்று மேலாளர் சேர்த்த வரியை அடித்துவிட்டார்.

"இப்படி எழுதினா யாரும்மா பணம் போடுவா?" என்றார் மேலாளர்.

"ஏறலாம் சார். கண்டிப்பான்னு எழுத எனக்கு வராது."

அந்த மாத அறிக்கை அதே வரியோடு வேறொருவர் பெயரில் வெளிவந்தது.

சந்தாபுராவிலிருந்து ஏழுமலை வந்தது எங்கள் ஆபீஸில் பலருக்கு நினைவிருக்கும். ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். கைக்கு வந்த பணம் முழுவதையும் பங்குகளில் போட நினைத்தார்.

"இந்தப் பணம் எப்போ வேணும்?" என்று கேட்டார் ரோஸ்லின்.

"தை மாசம் பொண்ணு கல்யாணம் மேடம். அதுக்குள்ள கொஞ்சம் பெருகட்டுமே."

"அப்போ மார்க்கெட் பக்கமே வராதீங்க. உலக நிலைமை சரியில்ல. விழுந்தா எழ நாளாகும்."

"என் மச்சான் இதுல போட்டுத்தான் வீடு கட்டினான். நீங்க பயமுறுத்துறீங்க!" ஏழுமலை கோபமாக எழுந்து போனார். வேறொரு நிறுவனம் வழியாகப் பங்குகளிலேயே போட்டார்.

தீபாவளிக்கு முன்பே உலகச் சந்தைகள் சரிந்தன. கல்யாணம் தள்ளிப்போனது. தலைகுனிந்து திரும்பி வந்தவரிடம் ‘அன்றே சொன்னேனே’ என்று ரோஸ்லின் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. டீ வரவழைத்து, எதை விற்கலாம், எதை விட்டுவைக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார். ஏழுமலை போன பிறகு ரோஸ்லின் என்னிடம் சொன்னார்: "என் கணிப்பு சரி. பேச்சுதான் தப்பு. அவர் கல்யாணத்தைப் பத்திப் பேசினாரு, நான் உலகத்தைப் பத்திப் பேசினேன்."

அந்த வருத்தம் அவரை விடவேயில்லை. காக்ஸ் டவுனில் தங்கள் சர்ச் ஹாலில், ஞாயிறு பூசை முடிந்ததும், எளியவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் பணம் போடுவதில் உள்ள ஆபத்துகளைச் சொல்லித்தர ஆசைப்பட்டார். அனுமதி கேட்டபோதெல்லாம், சந்தை கொஞ்சம் அமைதியாகட்டும் என்று நிறுவனம் தள்ளிப்போட்டது. "என்னைக்கு அது அமைதியா இருந்திருக்கு?" என்று சிரிப்பார். சிரித்தபடியே காத்திருந்தார். கடைசிவரை ஒரு வகுப்புகூட நடக்கவில்லை.

அடக்கத்துக்கு ஏழுமலை மகளோடும் மருமகனோடும் வந்திருந்தார். கல்லறை வாசலில் அந்த வகுப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத ஆளா வந்து உக்காந்திருப்பேனே சார்" என்றார்.

ரோஸ்லினிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய கணிப்புத் திறனை அல்ல. அது எனக்கு வராது. சரியாகச் சொல்லியும் போதவில்லை என்று அவர் பட்ட வருத்தத்தைத்தான்.