மெஷின் பதினொன்று என்றதாம், பிள்ளையின் பையைக் கொட்டினார்கள்!

இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி வாங்கில், நோயாளிகள் இருக்கிற நீளப் பெஞ்சில், ஒரு பிள்ளையின் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள்!

வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம்.

இன்னும் எனக்கு நெஞ்சு எரிகிறது. (பிழை இருந்தால் பொறுங்கள். படித்தது நாலாம் வகுப்பு. கோபத்துக்கு அது போதும்!)

எனக்குத் தோளில் ஒரு கட்டி. வெட்டுகிற டொக்டர் எங்கள் தீவுக்கு மாதம் ஒரு தடவைதான் வருவார். இன்றைக்கு என் முறை.

கத்தி, கத்தரிக்கோல்களைக் கிருமி சாக அவிக்கிற பெரிய மெஷின் இங்கே இல்லை. பாவித்ததைப் பெட்டியில் போட்டு, வள்ளத்தில் அக்கரைக்கு, குறிகட்டுவான் துறைக்கு அனுப்பி, அங்கிருந்து வான் வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அவித்து, சீல் வைத்து, மறுபடியும் வள்ளம். ஒரு நோயாளிக்கு ஒரு பெட்டி.

அந்தப் பெட்டிகளோடு கடலில் போய் வருகிறவள் தயா. என் பக்கத்து வளவுப் பிள்ளை. நாலு வருடமாகத் தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒவ்வொரு கத்தரிக்கோலிலும் அரிசி அளவில் ஒரு வில்லை ஒட்டியிருக்கிறார்கள். வயர் இல்லை, ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறக்காமலே பக்கத்தில் ஒரு மெஷினைப் பிடித்தால் உள்ளே எத்தனை என்று சொல்லுமாம். நல்ல விசயம்தான். வயிற்றுக்குள் சாமானை மறந்து தைத்த கதைகள் கேட்டிருக்கிறேன்.

இங்கே சாமான்களுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவர் என் பெட்டியில் மெஷினைப் பிடித்தார். கீக் கீக்.

"போனது பன்னிரண்டு. வந்தது பதினொன்று. சின்னக் கத்தரிக்கோல் எங்க தயா?"

"சேர், சீல் உடையாமத்தான் கொண்டு வந்தனான்."

"போகேக்க சீல் இல்லைத்தானே? மூடி மட்டும்தானே? பையைத் தாரும்."

கொட்டினார்.

மாற்றுச் சட்டை. புட்டுப் பெட்டி. தலையிடிக் குளிசை. பேப்பரில் சுற்றி வைத்திருந்த பெண்கள் சாமான்.

கத்தரிக்கோல் இல்லை!

தயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறுப்பாளர் கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினார். முறைப்பாட்டுக் கடிதம்! பன்னிரண்டு மணி வள்ளத்தில் போகுமாம். அது போய்ச் சேர்ந்தால் இவளுக்கு நிரந்தரமும் இல்லை, தற்காலிகமும் இல்லை.

(இந்தப் பொறுப்பாளரின் தகப்பன் சங்கக்கடையில் வேலைக்கு நின்றவர். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் குறைந்ததென்று அன்றைக்கு என் கூடையைக் கிளறியவர். எனக்கு மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்!)

நான் எழும்பிப் போனேன்.

"தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள மூடி போட்ட சில்வர் ஏனம் ஏதும் இருக்கே?"

"மருந்துக் கிண்ணம் இருக்கு அம்மா. அதுக்கென்ன இப்ப?"

நான் வள்ளத்தில் ஏறினால் போனை சில்வர் டப்பாவுக்குள் போட்டு இறுக்கி மூடுவேன். கடல் தண்ணீர் தெறிக்கும் அல்லவா? அந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருந்து மகன் போன் எடுப்பான். போகாது. இறங்கினதும் ஏச்சு: "ஏனம்மா போனை நிப்பாட்டி வைக்கிறீங்கள்?" நான் எங்கே நிற்பாட்டினேன்? டப்பாதான் விடுவதில்லை!

அவர் முன்னாலேயே என் பையில் இருந்த அந்த டப்பாவை எடுத்து, போனைப் போட்டு மூடினேன்.

"தயா, என்ர நம்பருக்கு எடு பிள்ளை."

எடுத்தாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், தொடர்புகொள்ள முடியாதாம்.

"கேட்டதே தம்பி? வயர் இல்லாத சாமான் சில்வருக்குள்ள போனால் ஊமை. கிண்ணத்தைத் திறந்து பாரும்."

வாங்கில் இருந்த ஒருவர் சிரித்தார். பொறுப்பாளருக்குக் காது சிவந்தது.

"அம்மா, டொக்டர் வர மூண்டு மணியாகும். இப்ப சீலை உடைச்சால் அந்தப் பெட்டி பிறகு பாவிக்க ஏலாது. உங்கட ஒப்பரேசன் இல்லாமப் போகும். சும்மா இருங்கோ."

"அப்ப மூண்டு மணிக்கு டொக்டர் திறப்பார்தானே? அதுவரைக்கும் கடிதத்தை வைச்சிரும்."

"அப்பிடி ஏலாது. குறைஞ்ச உடனே அறிவிக்கோணும்."

"மூண்டு மணிக்குக் கத்தரிக்கோல் கிடைச்சால், போன கடிதத்தை ஆர் நீந்திப்போய்ப் பிடிக்கிறது? நீரே?"

அவர் பேனையை மறுபடியும் எடுத்தார்.

தயா என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் மாமி. எத்தினை மாதம் காத்துக்கொண்டு இருந்தனீங்கள்..."

"நீ பேசாம நில்லடி. தம்பி, அது என்ர பேருக்கு வந்த பெட்டி. இண்டைக்கு எனக்கு வெட்ட வேண்டாம் எண்டு எழுதும். நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினார். வைத்தேன்.

சீலை உடைத்தார். கிண்ணத்தின் மூடியை எடுத்தார்.

உள்ளே சின்னக் கத்தரிக்கோல்! குஞ்சு மாதிரிப் படுத்திருந்தது. அங்கே அவித்துக் கட்டியவர்கள் கிண்ணத்துக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள். அதை வெளியே எடுத்து மெஷினைப் பிடித்தார். கீக். பன்னிரண்டு!

"சரி, பிரச்சினை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பினார்.

முடிந்ததாம்!

"நில்லும் தம்பி. கொட்டினது ஆர்?"

"தயா எடுத்து வைப்பா அம்மா."

"அவ கொட்டேல்லை. நீர் கொட்டினனீர். நீரே அள்ளி வையும்."

வாங்கே அவரைப் பார்த்தது. குனிந்தார். சட்டையை வைத்தார். புட்டுப் பெட்டியை வைத்தார். குளிசையை வைத்தார். பேப்பர் பொட்டலத்தை மட்டும் தொடாமல் நிமிர்ந்தார்.

"அதையும்."

வைத்தார்.

கடிதத்தைத் தயாவின் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் மட்டும் இந்த நிமிடம்வரை அவர் வாயில் இருந்து வரவில்லை.

அடுத்த மாதம்வரை கட்டியோடுதான் படுக்கவேண்டும். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தால் அவ்வளவு நோகாது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மெஷின் ஒன்று குறைகிறது என்றால் முதலில் எதைத் திறக்கிறார்கள்? பெட்டியையா, வேலைக்காரியின் பையையா?