மூன்றாம் பிரதிவாதி

அவள் கண்ணாடிக்கடைக்காரி. மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போன கடை அது. முன்சுவர் முழுக்க ஃபிரேம்கள், பின்னால் ஒரு திரை, திரைக்கு அந்தப்பக்கம் லென்ஸ் தேய்க்கும் மெஷின். மூக்கில் அழுத்துகிறது, காதில் உரசுகிறது என்று வருபவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, ஃபிரேமின் கையைச் சூட்டில் காட்டி இளக்கி, வளைத்து, மாட்டிப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி வளைப்பாள். "யாருக்குமே ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது. கண்ணாடி போடாதவங்களுக்கு அது தெரியறதில்ல, அவ்வளவுதான்" என்று ரகசியம் போலச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சபையின் செயலாளர். வேறு யாரும் முன்வராததால் கிடைத்த பதவி. மினிட்ஸ் எழுதுவது, சாவி வைத்திருப்பது, கூட்டம் நடந்தால் நாற்காலி போதுமா என்று பார்ப்பது, இவைதான் வேலை.

ஒரு வருடம், எல்லாச் சபைகளுக்கும் மேலே இருக்கும் பேராயம் அவர்களுடைய போதகரை வேறு ஊருக்கு மாற்றியது. அவரை அனுப்ப யாருக்கும் மனமில்லை. கூட்டம் போட்டார்கள், பேச்சு வளர்ந்தது. கடைசியில், பேராயமே வேண்டாம், தனியாக நிற்போம் என்று முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். அவள் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒரு நாள் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்தப் போதகர். கை தூக்காமல் இருந்த கொஞ்சம் பேரில் அவள் அண்ணனும் ஒருவன். அவன் எலெக்ட்ரீஷியன். ஆலயத்தில் ஒரு ஃபேன் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"போதகர் நல்லவர்தான். அதுக்காக ஆலயத்தையே பிரிச்சு எடுத்துட்டுப் போறதா?" என்றான்.

"நாங்க எங்கயும் போகலையே. இருந்த இடத்துலதான இருக்கோம்" என்றாள் அவள்.

பேராயம் கோர்ட்டுக்குப் போனது. ஆலயமும் நிலமும் தன்னுடையது, பிரிந்தவர்கள் வெளியேற வேண்டும் என்று வழக்கு. உள்ளூரில் தன் பக்கம் நின்றவர்களில் ஒருவரையும் வாதியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டான். எதிர்த்தரப்பில் போதகர் முதல் பிரதிவாதி, தலைவர் இரண்டாவது, செயலாளர் மூன்றாவது. சம்மனைப் பிரித்துப் படித்த அவள் கணவன், "மூணாம் பிரதிவாதி, காபி கிடைக்குமா?" என்றான். அந்தப் பெயர் வீட்டில் ஒட்டிக்கொண்டது.

தீர்ப்பு வரும்வரை இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று கோர்ட் சொன்னதால், அவள் தரப்பு ஆலயத்திலேயே கூடியது. அண்ணன் தரப்பு யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் கூடியது. இரண்டு குடும்பங்களுக்கும் போக்குவரத்து நின்றது. அண்ணி எதிரில் வந்தால் சாலையைக் கடந்து அந்தப்பக்கம் போய்விடுவாள். அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்ட ஒரே இடம் கோர்ட் வராந்தா. வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. இருக்கிற ஒரே பெஞ்சில் அவன் இந்த ஓரம், அவள் அந்த ஓரம்.

அண்ணனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய அன்று அவன் கையில் ஒரு பத்திரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அவன் அதைத் தள்ளிப் பிடித்தான், கிட்டே கொண்டுவந்தான், தலையைச் சாய்த்தான். தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தான். நீதிபதிகூடக் கொஞ்சம் சலித்துக்கொண்டார். பிரதிவாதிகள் வரிசையில் இருந்த அவளுக்கு வழக்கு மறந்துபோனது. அவன் மூக்கின் மேல் கோணிக்கொண்டிருந்த ஃபிரேமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பெஞ்சில் நகர்ந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கழட்டிக் குடு."

"எதுக்கு?"

"குடு அண்ணா. யார் செஞ்சது இது?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தன்."

"தலைவலி வருமே."

"சாயங்காலம் ஆனா வருது."

கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகாணியை முறுக்கினாள். கம்பியை விரலாலேயே வளைத்து மாட்டிவிட்டாள். "இது இன்னைக்குத் தாங்கும். லென்ஸே தப்பு. கடைக்கு வா."

"வரலாமா?"

"கடை திறந்துதான இருக்கு."

அடுத்த வாரம் வந்தான். கண் பரிசோதித்தாள், புதுக் கண்ணாடி செய்து கொடுத்தாள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதையும், பார்க்கிற வரனையெல்லாம் தட்டிக்கழிப்பதையும் சொன்னான். அவள் சிரித்தாள். அன்று வீடு திரும்பும்போது மனசு லேசாக இருந்தது.

பிறகு அவளுடைய முறை வந்தது. அவள் தரப்பு வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "சங்கடமான கேள்வி வந்தா ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. ஞாபகம் இல்லாதது குத்தமில்ல." அவள் பட்டும் படாமலும் தலையாட்டியிருந்தாள்.

பேராயத்தின் வக்கீல் எழுந்தார். "செயலாளர் பொறுப்பை ஏற்ற அன்றைக்குச் சபையார் முன்னால் உறுதிமொழி எடுத்தீர்களா?"

"எடுத்தேன்."

"பேராயத்தின் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன், ஆலயச் சொத்தைப் பேராயத்தின் சார்பில் பாதுகாப்பேன் என்பது அதில் உண்டா?"

அந்த உறுதிமொழி எழுத்தில் எங்கும் இல்லை. அன்று காதால் கேட்டவர்கள் சொன்னால் கட்சி கட்டுகிறார்கள் என்று தள்ளிவிடலாம். சொன்னவளே ஒப்புக்கொண்டால் தள்ள முடியாது. அவள் தரப்பு வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். அவளுக்கு அந்த நாள் நன்றாகவே ஞாபகம் இருந்தது. 'சார்பில்' என்ற இடத்தில் நாக்குக் குழறியபோது முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"உண்டு" என்றாள்.

"விருப்பத்தோடுதான் சொன்னீர்களா?"

"ஆமா."

கூண்டிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு வந்தபோது பேராயத்தின் வக்கீல் அண்ணனின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னது சரியாப் போச்சு. என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா, தைரியமா கேளுங்கன்னீங்களே." பின்னால் அவள் நிற்பதை அவர் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்துவிட்டான்.

வக்கீல் போனதும் கேட்டாள். "நீயா சொன்னே?"

"உறுதிமொழியைப் பத்திக் கேட்டாரு. சொன்னேன்."

"எப்போ?"

அவன் தரையைப் பார்த்தான். "போன மாசம்."

கடைக்கு வந்துபோன பிறகு. அவள் படியிறங்கிப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

"நீ உண்மையைத்தான சொன்ன?" என்றான் கணவன்.

"சொன்னதுக்கு நான் வருத்தப்படல. நான் இப்படித்தான்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, அதையே எனக்குக் குழி வெட்ட எடுத்துக்கிட்டான் பாரு, அதுதான் ஆறல."

அவள் தரப்பிலும் முகங்கள் மாறின. அண்ணனும் தங்கையும் சேர்ந்து போட்ட நாடகம் என்று தலைவரே நாலு பேரிடம் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அவளிடம் கண்ணாடி வாங்கிய சிலர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். போதகர் மட்டும் ஒருநாள் கடைக்கு வந்து, "நீங்க வேற என்ன சொல்லியிருக்க முடியும்" என்றுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

தீர்ப்பு பேராயத்தின் பக்கம் போனது. சபையை விட்டு விலக யாருக்கும் உரிமை உண்டு, விலகுகிறவர்கள் கட்டடத்தையும் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றார் நீதிபதி. நிலம் பேராயத்தின் பெயரில் வாங்கப்பட்டிருந்ததுதான் முக்கியக் காரணம். மூன்றாம் பிரதிவாதியின் வாக்குமூலத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்.

செயலாளர் என்பதால் சாவிகளை ஒப்படைக்க அவளே போக வேண்டியிருந்தது. வாங்கிக்கொள்ள அண்ணன் நின்றான்.

"இது பெரிய கதவுக்கு. மழை பெஞ்சா இறுகிக்கும். லேசாத் தூக்கித் திறக்கணும்."

"தெரியும்" என்றான்.

அவள் தரப்பு டயர் கடைக்கு மேலே ஒரு மாடியைப் பிடித்தது. ஜெபம் நடுவில் இருக்கும்போது கீழே காற்றடிக்கும் மெஷின் உறுமும். போதகர் நிறுத்திக் காத்திருப்பார். அப்பீல் போகலாம் என்று கமிட்டி முடிவெடுத்து அவளிடம் கையெழுத்துக் கேட்டது. அவள் மறுத்தாள்.

"அப்போ நீங்களும் அந்தப்பக்கம் போறீங்களா?" என்றார் தலைவர்.

"நான் சபையை விடல. கேஸை மட்டும் விடறேன்" என்று சொல்லிச் செயலாளர் பொறுப்பையும் விட்டாள். அடுத்த ஞாயிறு வழக்கம்போல மாடியேறிப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி கொஞ்ச நாள் காலியாகவே இருந்தது. அப்புறம் நிரம்பியது.

அண்ணனோடு பேச்சில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் அவன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்தாள். ஒருவழியாக ஒருவனைப் பிடித்துப்போயிருந்தது.

"அத்தை, நீங்க வரலேன்னா நான் உள்ளேயே நுழைய மாட்டேன். மாப்பிள்ளை வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

போனாள். நானூறு பேர் உட்காரும் ஆலயம் கல்யாணக் கூட்டத்துக்கே பாதிக்குமேல் நிரம்பவில்லை. அண்ணி கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது அண்ணன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னைக்கு வக்கீல்கிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் சுவரைப் பார்த்தபடி.

"சொன்னதுல தப்பில்ல. எங்கிட்ட சொல்லிட்டுச் சொல்லியிருக்கணும்."

"உங்கிட்ட சொல்லியிருந்தா?"

"கூண்டுல அதையேதான் சொல்லியிருப்பேன். உன்மேல கோபம் வந்திருக்காது."

அவன் கடைசி விளக்கை அணைத்தான். "சாப்பிட வா" என்றான்.

அதன்பிறகு வேலை முடிந்து போகும் வழியில் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு மாலை, ஆலயம் ஞாயிறு மதியத்துக்குமேல் பூட்டித்தான் கிடக்கிறது, உங்கள் ஆட்கள் அங்கேயே வந்து கூடலாமே என்றான். மாடியில் டயர் கடைச் சத்தத்தில் வயசானவர்கள் படும் பாட்டைப் பார்த்து அவளும் அதைக் கமிட்டியில் எடுத்துச் சொன்னாள். கமிட்டி கொந்தளித்துவிட்டது. நம்ம வீட்டுக்குள்ள நாம விருந்தாளியாப் போறதா, அப்பீல் என்ன ஆவது என்று ஆளாளுக்குக் குதித்தார்கள்.

மறுநாள் அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எங்க பக்கம் ஒத்துக்கல."

"நல்லதாப் போச்சு. நானும் எங்க பக்கம் கேட்டுப் பார்த்துட்டேன். கேஸ் போட்டு வெளியேத்தினவங்களைத் திரும்ப உள்ளே விடறதான்னு என்னை ஒரு பிடி பிடிச்சுட்டாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. அதற்குள் படியேறி ஒரு ஆள் வந்துவிட்டார், மூக்கில் அழுத்துகிறதாம். அண்ணன் எழுந்து ஸ்டூலை அவருக்கு விட்டுக்கொடுத்தான்.