ஆறு ஜோடி செருப்பு

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஆறு. ஓர்ப்படி விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டுக்கும் போட்ட சோறு, வேலூரைச் சுற்றிக் காட்டிச் சம்பாதித்தது. பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுத்து கற்றேன். அதனால் இது மெதுவாகப் போகும்.

1. வேலைக்கு வந்த விதம்

என் வீட்டுக்காரர் ஜட்கா ஓட்டினார். அவர் பேரை எழுத மாட்டேன். குதிரையின் பேர் ராணி. காட்பாடி ஸ்டேஷனில் முகம் மூடிய கோஷாப் பெண்கள் வந்து இறங்கினால் அவரோடு பேச மாட்டார்கள். திரைக்குள்ளேயே உட்கார்ந்து ஊரைச் சுற்றிவிட்டு, ஒன்றும் தெரியாமல் ரயிலேறிப் போவார்கள். ஒரு நாள் அவருக்குச் சோறு கொண்டு போனேன். திரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, வெளிய இன்னாதான் தெரியுது? நீயாவது சொல்லேன்."

முன்பலகையில் ஏறி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பாலாற்றுப் பாலம், மணலில் ஊற்று தோண்டுகிறவர்கள், அகழி, கோட்டை மதில், கோட்டைக்குள்ளே சாமி இல்லாத கோயில் எல்லாம் சொன்னேன். ஆள் இல்லாத இடத்தில் இறக்கியும் காட்டினேன். அதன் பிறகு ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எந்தத் தோல் முதலாளி வீட்டுப் பெண்கள் வந்தாலும் "ஊர்காட்டிக் கன்னியம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். இருபத்தைந்து வருஷம் வாய் மூடவில்லை.

2. எண்ணுகிற விதம்

கூட்டிப் போகிறவர்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே வெள்ளை புர்கா. முகம் தெரியாது. ஆண்கள் நடமாடும் இடத்தில் குரலும் வராது. அதனால் நான் காலைப் பார்த்து எண்ணுவேன். தோல் வீட்டுப் பெண்களுக்குச் செருப்புதான் அடையாளம். ஒன்று பூவேலை, ஒன்று ஜரிகை, ஒன்று சிவப்புத் தோல். குளிக்கிற அறை வரைக்கும் செருப்போடு போகிறவர்கள். தெரு மண் அவர்கள் வெறுங்காலில் பட்டதே கிடையாது. செருப்பு இருக்கிற இடத்தில் ஆள் இருப்பாள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

3. அந்த நாள்

ஆம்பூரிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். மாமியார், அவருடைய இரண்டு மகள்கள், மூன்று மருமகள்கள், ஆக ஆறு பேர். மாமியாரைப் பெரிய பீபி என்பேன். முழங்கால் வலி, கூர்மையான வாய். கடைசி மருமகள் ஜைனப் வேலூர்ப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம். அவளுடைய அப்பா சம்பந்திக்கு அனுப்பிய ஒரு சுமைத் தோல் உப்பு சரியாக ஏறாமல் அழுகிவிட்டது. ஆண்களுக்குள் பேச்சு முறிந்தது. அதற்குப் பிறகு ஜைனப்பைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. இதெல்லாம் எனக்கு அன்று மத்தியானத்துக்கு மேல்தான் தெரிந்தது.

இரண்டு ஜட்காவில் போனோம். வெயில் ஏறுமுன் கோட்டையைக் காட்டினேன். மதில்மேல் ஏறினோம். பெரிய பீபி கீழேயே நின்றுவிட்டார்.

"நீங்க ஏறிப் பாருங்கடி. எனக்குத் தரையிலயே ஊரு தெரியும்" என்றார்.

மேலே ஜைனப் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய்ப் போய்ப் பார்த்தாள்.

"அந்தச் சின்ன மினார் தெரியுதே, அது பக்கத்து சந்துக்கு எப்படிப் போறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கையை நீட்டி, நாங்கள் அடுத்துப் போக இருந்த கல்லறைத் தோட்டத்துப் பின்சுவரில் இருக்கிற உடைப்பிலிருந்து எத்தனை திருப்பம் என்பது வரை சொன்னேன். என் ஊரை எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும் என்ற கர்வம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கல்லறைத் தோட்டம். மைசூர் சுல்தான் குடும்பத்துப் பெண்கள் அடங்கிய இடம். ஆறு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓத உள்ளே போனார்கள். நான் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு ஜோடி. நடுவில் இரண்டு தடவை எண்ணினேன். ஆறு ஜோடிதான்.

ஐந்து பேர் வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். சிவப்புச் செருப்பு அப்படியே கிடந்தது.

"சின்னவ கோடியில இருக்கிற குப்பாவுல ஓதிட்டு வர்றேன்னா. போய்க் கூட்டிட்டு வா" என்றார் பெரிய பீபி.

அந்தக் கும்மட்டத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. பின்சுவர் உடைப்புக்கு வெளியே மண்ணில் சின்னப் பாதம் ஒன்று வெறுங்காலாகப் பதிந்திருந்தது.

சாயங்கால ரயிலுக்கு நேரம் அதிகம் இல்லை. தனியாகத் தெருவில் போனாள் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு போய்விடும். என்னை நம்பி இனி எந்த வீடும் பெண்களை அனுப்பாது. எட்டு வயிறு.

வாசலுக்கு வந்தேன். சிவப்புச் செருப்பில் ஒன்றின் வாரைக் குனிந்து பிய்த்தேன். திரைக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"பீபிம்மா, சின்னம்மா செருப்பு வாரு அறுந்துபோச்சு. வெறுங்கால்ல எப்படி வருவாங்க? உள்ளயே நெழல்ல குந்திக்கினு இருக்காங்க. தைச்சு எடுத்தாந்துடறேன்."

திரைக்குள்ளிருந்து பெரிய பீபியின் குரல் வந்தது.

"செருப்பில்லாம எப்படி வருவா? போய்ட்டு சீக்கிரம் வா. இந்த வெயில்ல பேஜாரா இருக்கு."

செருப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினேன். நான் சொல்லிக்கொடுத்த அதே திருப்பங்கள். மினாருக்குப் பக்கத்துச் சந்தில் மூன்றாவது கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் கட்டிலில் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. ஜைனப் தரையில் உட்கார்ந்து தாயின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு சின்னம்மா. ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.

"இன்னொரு கால் பாக்கி" என்றாள். தலை நிமிரவில்லை.

"உங்க மாமியாருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும், தெரியுமா?"

"தெரியும். என்னைப் பெத்த அம்மி கீழ விழுந்து எட்டு மாசமாச்சு. எனக்கு ஒருத்தரும் சொல்லல. போன வாரம் பால்காரி சொல்லித்தான் தெரிஞ்சுது."

பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்க மனசு வரவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கட்டிலில் இருந்தவர் என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

"அறுந்திருக்கா? குடும்மா இப்படி. கையாவது வேலை செய்யுது."

தலைமாட்டிலிருந்து ஊசி நூல் எடுத்து, நகம் வெட்டி முடிவதற்குள் தைத்துவிட்டார். மகளின் காலில் அவரே மாட்டவும் பார்த்தார். கை எட்டவில்லை. ஜைனப் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள்.

போன வழியே திரும்பினோம். பின்சுவர் உடைப்பில் நுழைந்து வாசல் வழியாக வெளியே வந்தோம். பெரிய பீபி நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார். வண்டி பாலத்தில் போகும்போது நான் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

காட்பாடியில் பெண்கள் தங்கும் அறையில் பெரிய பீபி புர்காவின் முகத்திரையைத் தூக்கினார். "சின்னவளே, செருப்பைக் கழட்டு" என்றார். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஜைனப் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கன்னியம்மா, இது செருப்புத் தைக்கிற நூலு இல்ல. ரவிக்கை தைக்கிற நூலு."

அந்தத் தையலை விரலால் தடவினார்.

"கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்கு வந்த போர்த்துற ரஜாய் பூரா இந்தக் கோணத் தையல்தான். இந்தக் கை யாருதுன்னு எனக்குத் தெரியும். தோலு வீட்டுக்காரிகிட்ட செருப்புல பொய் சொல்றியே, உனக்கு ஜாஸ்தி தைரியம்."

செருப்பைக் கீழே போட்டார். ரயில் வருகிற மணி அடித்தது. முகத்திரையை இறக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆம்பளைங்க சண்டைய நான் தீக்க முடியாது. ஆனா அடுத்த மாசமும் கல்லறையில ஓத வரணும். அப்ப இவளுக்கு நெஜமாவே அறுந்த செருப்பா மாட்டிக் கூட்டியாறேன். தைக்கறதுக்கு நீயே இவளையும் கூட்டிட்டுப் போய்டு. நீ தனியா போனா, அளவு தெரியாம தைச்சுடுவாங்க."

அப்படி ஒன்பது தடவை வந்தார்கள். பத்தாம் தடவை தைக்க அந்தக் கை இல்லை.

அதற்குப் பிறகு நான் செருப்பை வைத்து எண்ணியது கிடையாது. ஒவ்வொருவர் கையையும் தொட்டு எண்ணினேன். இன்னொன்றும் செய்தேன். யார் வந்து இறங்கினாலும், கோட்டையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால், "இந்த ஊர்ல உங்களுக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்றால் முதலில் அந்தத் தெருவுக்குத்தான் வண்டி போகும். இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்.

மகளே ராஜம், இந்தா பிடி. மேலேயிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. பெரிய பீபி பேசுகிற இடத்தில் அவசரப்படாதே, அவர் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்.